யானையின் எடை: எச்எஸ்பிசி பங்கை நான் பார்க்கும் விதம்

போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அண்ணி, 6.2 சதவீதம் டிவிடெண்ட், லாபத்துல பங்குதாரருக்குக் கொடுக்கிற பணம். பேங்க்ல போட்டா இதுல பாதிகூட வராது. கம்பெனி மாறினப்போ வந்த பணம் மொத்தத்தையும் இதுல போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?”

திரையில் இருந்தது எச்எஸ்பிசி வங்கியின் பங்கு. ஹாங்காங் பங்குச் சந்தையில் அதன் எண் 5. கான்டனீஸ் பேசுகிறவர்கள் இந்தப் பங்குக்கு ‘பெரிய மந்த யானை’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். உருவம் பெரிது, நடை மெதுவு. கிறிஸ்துமஸ் மணி அடித்தால் எச்எஸ்பிசி வாங்கு என்று ஒரு சொலவடையும் இங்கே உண்டு. இதை எழுதும்போது 2025 நவம்பர் பிறந்துவிட்டது. அலுவலகத்தில் யாராவது அதைச் சொல்ல ஆரம்பிக்கும் காலம்.

“தம்பி, அந்த 6.2-ஐ முதல்ல பிரிச்சுப் பார்ப்போம்” என்றேன். பேச்சு சாயங்காலம் வரை போனது. அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதினால் அவருக்கும் உதவும், எனக்கும் என் எண்ணம் தெளியும் என்றுதான் இந்தப் பதிவு.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஹாங்காங்கில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முதலீட்டு ஆலோசகர் இல்லை. 2021 செப்டம்பரில் 41 ஹாங்காங் டாலர் விலையில் இந்தப் பங்கில் இரண்டு லாட் வாங்கினேன். ஒரு லாட் 400 பங்கு, ஆக 800. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் வரும் கணக்கைப் பொறுமையாகப் படித்து வருகிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய காயமும் உண்டு. 2007-இல் வேறொரு பெரிய சர்வதேச வங்கியின் பங்கை, டிவிடெண்ட் சதவீதம் ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினேன். இரண்டே ஆண்டில் முக்கால்வாசிப் பணம் போய்விட்டது. பெயர் வேண்டாம். சதவீதம் பெரிதாக இருப்பதற்கு விலை விழுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கொழுந்தன் காட்டிய திரையைப் பார்த்ததும் மனசு பதறியது.

சரி, அந்த 6.2. அவருடைய செயலி 2024-ஆம் ஆண்டுக்கான மொத்த டிவிடெண்டை, பங்குக்கு 87 அமெரிக்க சென்டை, அன்றைய விலையால் வகுத்திருந்தது. அந்த 87-இல் 21 சென்ட் சிறப்பு டிவிடெண்ட். கனடாவில் இருந்த வங்கித் தொழிலை ராயல் பேங்க் ஆஃப் கனடாவுக்கு 1,350 கோடி கனடிய டாலருக்கு விற்றார்கள். 2024 மார்ச்சில் அந்த விற்பனை முடிந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத்தான் பங்குதாரர்களுக்குக் கொடுத்தார்கள். விற்ற வீட்டை மறுபடி விற்க முடியாது. ஆக வழக்கமான டிவிடெண்ட் 66 சென்ட்: மூன்று தடவை பத்துப் பத்து, ஆண்டுக் கடைசிக்கு 36. விலை 110 ஹாங்காங் டாலரை ஒட்டி இருக்கும்போது அது 4.7 சதவீதம் வரும். மோசமில்லை. ஆனால் 6.2-க்கும் 4.7-க்கும் உள்ள தூரம், ஒருவர் தன் சேமிப்பு முழுவதையும் தூக்கிப் போடலாமா என்று யோசிக்கும்போது பெரிய தூரம்.

பிரிட்டிஷ் நிறுவனமானதால் டிவிடெண்டில் வரி பிடிப்பதில்லை, ஹாங்காங்கிலும் அதற்கு வரி இல்லை. அந்த வகையில் கைக்கு முழுசாக வருகிறது. இங்கே பலர் இதை ஓய்வூதியம் மாதிரி நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நம்பிக்கை ஒரு தடவை உடைந்ததைப் பார்த்தோம். 2020 மார்ச் கடைசியில் பிரிட்டனின் வங்கி ஒழுங்குமுறை அமைப்பு எல்லாப் பெரிய வங்கிகளையும் டிவிடெண்டை நிறுத்தச் சொன்னது. கொரோனா நேரம், மூலதனம் கையில் இருக்க வேண்டும் என்ற கவலை. எச்எஸ்பிசி ஏற்கெனவே அறிவித்திருந்த 21 சென்டை ரத்து செய்தது. டிவிடெண்டை நம்பி வாழ்ந்த ஹாங்காங் முதியவர்கள் கொதித்துப் போனார்கள். சிலர் வழக்குத் தொடுப்பது பற்றிக்கூடப் பேசினார்கள். லாபம் ஹாங்காங்கில் வருகிறது, முடிவு லண்டனில் எடுக்கிறார்கள் என்ற குமுறல் அப்போதுதான் பெரிதானது. சீனாவின் பிங் ஆன் காப்பீட்டு நிறுவனம் பெரும் பங்குதாரராக இருந்து ஆசியத் தொழிலைத் தனியாகப் பிரிக்கச் சொன்னதும், 2023 மே மாதம் பர்மிங்ஹாமில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் தோற்றதும் அந்தக் குமுறலின் தொடர்ச்சிதான். 1865-இல் ஹாங்காங்கில் தொடங்கிய வங்கி, 1992-இல் மிட்லாண்ட் வங்கியை வாங்கிய பிறகு தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்டது. அந்த இரட்டை வாழ்க்கை இந்தப் பங்கோடு கூடவே வரும். டிவிடெண்ட் எவ்வளவு என்பதில் கடைசி வார்த்தை நிர்வாகத்திடம்கூட இல்லை, ஒழுங்குமுறை அமைப்பிடம் இருக்கிறது. ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

இனி முக்கியமான விஷயம். லாபம் எங்கிருந்து வருகிறது?

2020-இல் இந்த வங்கியின் வரிக்கு முந்தைய லாபம் 880 கோடி அமெரிக்க டாலர். 2023-இல் 3,030 கோடி. 2024-இல் 3,230 கோடி. அதே கட்டடங்கள், பெரும்பாலும் அதே வாடிக்கையாளர்கள், அதே ஊழியர்கள். லாபம் மட்டும் மூன்றரை மடங்கு. நடுவில் மாறியது அமெரிக்க வட்டி விகிதம். பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது, 2023 ஜூலையில் ஐந்தேகால் சதவீதத்தைத் தாண்டி நின்றது.

இது ஏன் எச்எஸ்பிசிக்கு மற்ற பல வங்கிகளைவிட அதிகமாகப் பலித்தது என்பதற்கு, 2024 கடைசி இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். வாடிக்கையாளர் வைப்பு சுமார் 1.65 லட்சம் கோடி டாலர். கொடுத்த கடன் சுமார் 93,000 கோடி டாலர். நூறு டாலர் வைப்பு வந்தால் ஐம்பத்தாறு டாலரைத்தான் கடனாகக் கொடுத்திருக்கிறது. மீதி மத்திய வங்கிகளிலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் இப்படி மற்ற இடங்களில் இருக்கிறது. வட்டி பூஜ்யமாக இருந்தபோது அந்த மீதி தூங்கிக் கிடந்தது. வட்டி ஏறியதும் அது சம்பாதிக்க ஆரம்பித்தது. ஆனால் நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் பணம் போட்டவர்களுக்குப் பெரிதாக எதுவும் கூடவில்லை. என் சம்பளக் கணக்கில் வரும் வட்டியைப் பார்த்தாலே இது புரியும். நாம் எல்லோரும் சும்மா விட்டுவைத்த பணம்தான் இந்த லாபத்தின் ஊற்று.

கொழுந்தனிடம் இதைச் சொன்னபோது, “அப்போ வட்டி இறங்கினா?” என்று கேட்டார். அதேதான் கேள்வி. இந்தப் பங்கை வாங்கலாமா என்று யோசிக்கிறவர் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஹாங்காங்கில் இதற்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. 1983 முதல் ஹாங்காங் டாலர் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. இன்று 7.75-க்கும் 7.85-க்கும் நடுவில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். நாணயத்தின் மதிப்பைக் கட்டிப்போட்டால் வட்டியை அவிழ்த்துவிட வேண்டும், இரண்டையும் பிடித்து வைக்க முடியாது. 2025 மே மாதம் பணம் உள்ளே வெள்ளமாக வந்தது. ஹாங்காங் டாலர் 7.75-ஐத் தொட்டது. நாணய ஆணையம் அமெரிக்க டாலரை வாங்கி ஹாங்காங் டாலரைக் கொட்டியது. சில வாரங்களில், வங்கிகளுக்கு இடையிலான ஒரு மாத வட்டியான ஹைபோர் 4 சதவீதத்தை ஒட்டிய இடத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அமெரிக்காவில் வட்டி அப்படியேதான் இருந்தது. இங்கே வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் பெரும்பாலான கடன்கள் ஹைபோரைப் பார்த்துத்தான் வட்டி கணக்கிடுகின்றன. கடன் கொடுத்த வங்கிக்கு அந்த வாரங்களில் வருமானம் கரைந்தது. ஆகஸ்டில் ஹைபோர் மறுபடி ஏறியது, சரிதான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் காற்று திசை மாறும் என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டின.

வங்கியும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வட்டி உயரத்தில் இருந்தபோதே, மாறும் வட்டியில் கிடந்த பணத்தின் ஒரு பகுதியை நீண்டகால நிலையான வட்டிக்கு மாற்றிக்கொண்டது. வாடகை குறையப்போகிறது என்று தெரிந்த வீட்டுக்காரர் இன்றைய வாடகையிலேயே மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது போல. அதனால் வட்டி ஒரு சதவீதம் இறங்கினால் ஏற்படும் அடி முன்பைவிடக் குறைவு. எவ்வளவு என்பதற்கு ஆண்டறிக்கையில் தனி அட்டவணையே உண்டு. நான் முதலில் திறக்கும் பக்கம் அதுதான். ஆனால் ஒப்பந்தம் என்றால் முடியும் தேதி உண்டு. இந்த ஏற்பாடு வீழ்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது.

இந்த இடைவெளியில் வட்டியைச் சாராத வருமானம் வளர வேண்டும் என்பதுதான் வங்கியின் திட்டம். பணக்கார வாடிக்கையாளர்களின் சேமிப்பை நிர்வகிப்பது, காப்பீடு, நிறுவனங்களுக்கு நாடுவிட்டு நாடு பணம் அனுப்புவது, வணிகக் கடன் கடிதங்கள் (சரக்கு வாங்குகிறவர் சார்பில் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி). கடைசி இரண்டையும் பற்றி எனக்கு நேரடியாகக் கொஞ்சம் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு நாணயங்களில் பணம் போய் வருகிறது. துறைமுகக் கட்டணம், எரிபொருள், மாலுமிகள் சம்பளம். அந்த வேலையை எல்லா நாட்டிலும் கிளை உள்ள ஒரு வங்கியிடம் ஒரு தடவை கட்டி வைத்துவிட்டால் அப்புறம் மாற்ற யாருக்கும் மனம் வராது. மாற்றுவதென்றால் ஆறு மாதம் தலைவலி. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பேசாமல் கொடுத்துவிடுவோம். இதை நான் உண்மையான பலம் என்று மதிக்கிறேன். இதைப் புதிதாக உருவாக்க எந்தப் போட்டியாளருக்கும் பல பத்தாண்டுகள் ஆகும்.

இனி விலை. என் மேசையில் எப்போதும் ஒரு சின்னக் கணக்கு இருக்கும். வங்கிக்குச் சொந்தமான மூலதனம், நற்பெயர் மாதிரித் தொட்டுப் பார்க்க முடியாதவற்றைக் கழித்த பிறகு, பங்கு ஒன்றுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் தொட்டுணரத்தக்க புத்தக மதிப்பு என்கிறார்கள். அதை வைத்து வங்கி ஆண்டுக்கு 15 சம்பாதிக்கிறது. இவ்வளவு ஆபத்துள்ள தொழிலில் பணம் போட எனக்கு ஆண்டுக்கு 10 சதவீதமாவது வேண்டும். அப்படியென்றால் நான் அந்த 100-க்கு 150 வரை கொடுக்கலாம். வங்கி 10 மட்டும் சம்பாதித்தால் 100-தான் கொடுக்கலாம். 8 என்றால் 80. வளர்ச்சியைச் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் படம் இதுதான்.

2020-இல் இந்த வங்கி 100-க்கு 3 சம்பாதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பங்கு 30 ஹாங்காங் டாலருக்கும் கீழே, இருபத்தைந்து ஆண்டுகளில் காணாத அடிமட்டத்துக்குப் போனது. புத்தக மதிப்பில் பாதிகூட இல்லை. நான் வாங்கிய 2021-இலும் அது சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். 2024-இல் 100-க்கு 14.6 சம்பாதித்தார்கள். இனி வரும் ஆண்டுகளுக்கும் 15-ஐ ஒட்டிய வருவாயைத்தான் இலக்காகச் சொல்கிறார்கள். பங்கு 2025-இல் 100 ஹாங்காங் டாலரைத் தாண்டி, நவம்பரில் தொட்டுணரத்தக்க புத்தக மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் நின்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தை ஏற்கெனவே 15-ஐ நம்பி விலை போட்டுவிட்டது. அந்த விலையில் வாங்குகிறவருக்கு அந்த 15 நீடித்தால் நியாயமான வருமானம் கிடைக்கும், அவ்வளவுதான். 15 என்பது 11 ஆனால் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கினாலும் ஆச்சரியப்பட முடியாது. 2021-இல் நான் வாங்கியபோது நிலைமை தலைகீழ். எதுவுமே சரியாக நடக்காது என்று விலை சொன்னது. கொஞ்சம் சரியாக நடந்தாலே லாபம். அன்றிலிருந்து டிவிடெண்டாக மட்டும் பங்குக்கு 17 ஹாங்காங் டாலருக்கு மேல் வருவது உறுதியாகிவிட்டது, நான் போட்ட விலையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். கொழுந்தன் இதைத்தான் என்னிடம் சொன்னார்: “நீங்க வாங்கி எவ்வளவு சம்பாதிச்சீங்க, அண்ணி.” ஆமாம், சம்பாதித்தேன். ஆனால் நான் வாங்கியது 41-இல், அவர் வாங்கப்போவது 110-இல். பெயர் ஒன்று, பண்டம் வேறு.

பங்குகளைத் திரும்பப் பெறுவதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் எப்போதும் நல்லது என்றே நினைக்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் வங்கி தன் பங்குகளைத் தானே சந்தையில் வாங்கி ரத்து செய்து வந்தது. சுமார் 2,000 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை 1,800 கோடிக்குக் கீழே வந்திருக்கிறது. ஒரு சின்ன வங்கியைக் கற்பனை செய்யுங்கள். 100 பங்குகள், மூலதனம் 1,000 டாலர், பங்குக்குப் புத்தக மதிப்பு 10. சந்தை விலை 5 ஆக இருக்கும்போது 150 டாலருக்குப் பங்கு வாங்கினால் 30 பங்குகள் ஒழியும். மிச்சம் 850 டாலர், 70 பங்குகள். பங்குக்கு 12.14. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த பங்குதாரரின் மதிப்பு கூடிவிட்டது. அதே 150 டாலரை விலை 15 ஆக இருக்கும்போது செலவழித்தால் 10 பங்குதான் ஒழியும். 850 டாலர், 90 பங்குகள், பங்குக்கு 9.44. மதிப்பு குறைந்துவிட்டது. லாபம் நன்றாக இருக்கும்வரை இரண்டாவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நிலையில் கிடைத்த அந்தக் கூடுதல் இனாம் இப்போது தீர்ந்துவிட்டது.

2025 அக்டோபரில் அதுவும் நின்றது. அந்த மாதம் 9 அன்று, ஏற்கெனவே பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த ஹாங் செங் வங்கியை முழுசாக வாங்கிக்கொள்ளப் போவதாக எச்எஸ்பிசி அறிவித்தது. பங்குக்கு 155 ஹாங்காங் டாலர், மொத்தம் சுமார் 1,360 கோடி அமெரிக்க டாலர். அந்தச் செலவால் மூலதன விகிதம் (ஆபத்துக்கு எதிராக வங்கி வைத்திருக்கும் சொந்த மூலதனத்தின் அளவு) குறையும், அதை மீட்க மூன்று காலாண்டுகளுக்குப் பங்கு திரும்பப் பெறுதலை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். அறிவிப்பு வந்த அன்று எச்எஸ்பிசி பங்கு நன்றாக அடி வாங்கியது. ஹாங் செங்கின் மற்ற பங்குதாரர்கள் அப்போது இன்னும் வாக்களித்திருக்கவில்லை.

ஹாங் செங் இந்த ஊருக்கு வெறும் வங்கி இல்லை. 1965-இல் மக்கள் வரிசையில் நின்று பணத்தை எடுத்த பீதியில் அது தள்ளாடியபோது, 51 சதவீதத்தை எச்எஸ்பிசி 5.1 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கியது. அறுபது ஆண்டுகளாக அது நல்ல பிள்ளையாக இருந்தது. இப்போது அதன் மேல் ஹாங்காங் வணிகக் கட்டடங்களின் சுமை. 2025 நடுவில் அதன் வாராக்கடன் விகிதம் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பழைய ஹாங் செங்கை அறிந்தவர்களால் நம்ப முடியாத எண் அது. எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்திலேயே இரண்டு மாடி காலி. எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ‘வாடகைக்கு’ பலகை ஒன்றரை ஆண்டாக மாறவில்லை. வாடகை இறங்கினால் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், மதிப்பு இறங்கினால் அடமானம் போதாமல் போகும். இது காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக எனக்கு இல்லை. தினமும் மின்தூக்கியில் பார்க்கிறேன். நாற்பது சதவீதத்துக்கும் குறைவான பங்குக்கு இவ்வளவு விலை கொடுத்தது சரியா என்பதில் எனக்கு நெருடல் உண்டு. தள்ளாடும்போது வாங்குவது 1965-இல் பலித்தது. அன்று விலை மலிவு. இம்முறை அறிவிப்புக்கு முந்தைய நாள் விலையைவிடச் சுமார் முப்பது சதவீதம் கூட்டிக் கொடுக்க முன்வந்தார்கள்.

சீனப் பெருநிலத்து விஷயம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் என்ற சீன வங்கியில் 19.9 சதவீதம் வாங்கினார்கள். 2023-இல் அதன் மதிப்பை 300 கோடி டாலர் குறைத்து எழுதினார்கள். 2025-இல் அந்த வங்கி சீன நிதி அமைச்சகத்துக்குப் புதிய பங்குகள் கொடுத்ததில் எச்எஸ்பிசியின் பங்கு 16 சதவீதமாகச் சுருங்கி, இன்னொரு 210 கோடி டாலர் கணக்கில் போனது. இவை ரொக்க இழப்புகள் அல்ல. டிவிடெண்டைத் தொடவில்லை. ஆனால் கணக்கில் ‘ஒருமுறை நிகழ்வு’ என்ற தலைப்பின் கீழ் ஆண்டுதோறும் ஏதாவது வந்துகொண்டிருந்தால், அதை வழக்கமான செலவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 2025-இன் மூன்றாம் காலாண்டில், அமெரிக்காவில் பெர்னி மேடாஃப் நடத்திய முதலீட்டு மோசடி தொடர்பான லக்சம்பர்க் வழக்குக்காக 110 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2012-இல் பணமோசடித் தடுப்பில் காட்டிய குறைபாடுகளுக்காக அமெரிக்காவுக்கு 190 கோடி டாலர் கட்டினார்கள். இவ்வளவு நாடுகளில் தொழில் நடத்தினால் எங்கோ ஒரு மூலையில் ஒரு வழக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். என் சின்னக் கணக்கில் 15 என்று வரும் இடத்தில் நான் எப்போதும் ஒன்றைக் கழித்து 14 என்று எழுதுவது இதற்காகத்தான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வங்கிப் பங்குக்கு அது பொருந்தாது. நான் இந்த ஊருக்கு வந்த 2003-இல்தான் எச்எஸ்பிசி, ஹவுஸ்ஹோல்ட் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கடன் நிறுவனத்தைச் சுமார் 1,500 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் தகுதி குறைந்தவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனம் அது. ஆறு ஆண்டு கழித்து 2009 மார்ச்சில், அந்தத் தொழிலை மூடுவதாகவும், புதுப் பங்கு வெளியிட்டு 1,250 கோடி பவுண்ட் திரட்டுவதாகவும் அறிவித்தார்கள். 12 பங்குக்கு 5 புதுப் பங்கு, ஒவ்வொன்றும் 28 ஹாங்காங் டாலர். மார்ச் 9 அன்று ஒரே நாளில் பங்கு 24 சதவீதம் விழுந்து 33-இல் முடிந்தது. மதிய உணவுக்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் அரசின் பணத்தை வாங்காமல் அந்த நெருக்கடியைக் கடந்த பெரிய பிரிட்டிஷ் வங்கிகளில் எச்எஸ்பிசியும் ஒன்று. கடன் கொடுத்ததைவிட வைப்பு அதிகமாக வைத்திருக்கும் பழைய பழக்கம் அன்று காப்பாற்றியது. தவறான ஒரு கொள்முதல் இத்தனை ஆண்டுப் பழக்கத்தையும் ஆட்டிப் பார்த்துவிட்டது என்பதும் உண்மை.

இன்றைய நிர்வாகம் பற்றி எனக்கு நல்லெண்ணம் உண்டு. 2024 செப்டம்பரில் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் எல்ஹெடெரி வங்கியை நான்கு பிரிவுகளாக மாற்றினார்: ஹாங்காங், பிரிட்டன், பெருநிறுவன வங்கி, சர்வதேச செல்வ நிர்வாகம். பலவீனமான இடங்களிலிருந்து வெளியேறுவது தொடர்கிறது. பிரான்ஸின் சில்லறை வங்கி, அர்ஜென்டினா, கனடா எல்லாம் போய்விட்டன. ஹவுஸ்ஹோல்ட் காலத்து ‘எங்கும் இருக்க வேண்டும்’ என்ற ஆசை அடங்கியிருக்கிறது. இது விலையில் தெரியாத ஒரு நல்ல மாற்றம் என்று நினைக்கிறேன். ஆனால் மெதுவாகத்தான் பலன் தரும்.

அப்படியானால் என் முடிவு? என் 800 பங்குகளை வைத்திருக்கிறேன். கூட்டப்போவதில்லை. வரும் டிவிடெண்டை இதே பங்கில் போடாமல் வேறிடத்தில் போடுகிறேன். என் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒரு லாட்டை விற்பேன், விலை ஏறியதால் இப்போது அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். விலை புத்தக மதிப்புக்குச் சமமாக, அதாவது 70 ஹாங்காங் டாலர் பக்கம் வந்து, வைப்புகள் அப்படியே இருந்தால் மறுபடி வாங்குவேன். வைப்புகள் கரைய ஆரம்பித்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க மாட்டேன்.

பிப்ரவரியில் ஆண்டுக் கணக்கு வரும்போது நான் பார்க்கப்போவது மூன்று இடங்கள்: வட்டி தராத வைப்புகள் எவ்வளவு நிலைத்தன, ஹாங்காங் கட்டடக் கடன்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், செல்வ நிர்வாகத்தின் கட்டண வருமானம் கூடியதா. டிவிடெண்ட் எண்ணை நான்காவதாகப் பார்ப்பேன்.

நேற்று ராத்திரி கொழுந்தன் கூப்பிட்டார். “அண்ணி, ஒரே ஒரு லாட் வாங்கினேன். மீதியை ஆறு மாச நிலைவைப்புல போட்டுட்டேன். பிப்ரவரில அந்த அறிக்கையை உங்க வீட்லயே உட்கார்ந்து படிக்கலாமா?”

வாங்க தம்பி, என்றேன். பழைய அறிக்கையில் அந்த வட்டி அட்டவணை இருக்கும் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.